விமானிகளும் நிர்வாகமும் மோதிக்கொள்வது ஏன்? ஒப்பந்தப் பேச்சுவார்த்தை பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒரு பெரிய விமான நிறுவனத்தில் இருபது ஆண்டுகள் பறந்து கேப்டனாக இருப்பவர், சம்பளம் போதவில்லை என்று போட்டி நிறுவனத்துக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவருக்கு என்ன பதவி கிடைக்கும்? அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களிலும் ஐரோப்பாவின் பழைய நிறுவனங்கள் பலவற்றிலும் பதில் ஒன்றுதான்: துணை விமானி. அதுவும் நேற்றுச் சேர்ந்த இளைஞருக்குக் கீழே, பட்டியலின் கடைசிப் பெயராக. ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் அப்படியே இருக்கும், ஆனால் சம்பளமும் பதவியும் முதல் படியிலிருந்துதான் தொடங்கும்.

விமானிகளுக்கும் நிர்வாகத்துக்கும் நடக்கும் பேச்சுவார்த்தை ஏன் இவ்வளவு கசப்பாகிறது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குவதே நல்லது. இதற்குப் பெயர் பணிமூப்பு. நிறுவனத்தில் சேர்ந்த தேதியை வைத்து ஒவ்வொரு விமானிக்கும் ஓர் எண் தருகிறார்கள். எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, எந்த வழித்தடத்தில் பறப்பது, எந்த மாதம் விடுப்பு எடுப்பது, எப்போது கேப்டனாவது, ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் வெளியே போவது என எல்லாவற்றையும் அந்த எண்தான் தீர்மானிக்கிறது. வளைகுடா நாடுகளிலும் ஆசியாவிலும் உள்ள சில நிறுவனங்கள் கேப்டன்களை நேரடியாகவே வேலைக்கு எடுக்கின்றன. பணிமூப்பு ஆட்சி செய்யும் இடங்களில் அந்த வழி கிடையாது.

மற்ற பல தொழில்களில், வேலை பிடிக்காதவர் ராஜினாமா செய்துவிட்டுப் போகலாம், நிர்வாகமும் அதற்குப் பயப்படும். மூத்த விமானிக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டது. ஓய்வு வயது வரை இந்த நிறுவனத்தில்தான் காலம் தள்ள வேண்டும் என்றால், வாழ்க்கையை மாற்ற அவருக்கு இருக்கும் ஒரே கருவி தொழிற்சங்கம் போடும் கூட்டு ஒப்பந்தம். அதனால்தான் அதன் ஒவ்வொரு வரிக்காகவும் அவர்கள் சண்டை போடுகிறார்கள். நிர்வாகத்துக்கும் இது தெரியும்: மூத்தவர்கள் எங்கேயும் போக மாட்டார்கள்.

எதற்காகச் சண்டை?

செய்திகளில் சதவீதம்தான் வரும். 34 சதவீத உயர்வு, 42 சதவீத உயர்வு என்று தலைப்பு போடுவார்கள். உள்ளே நடக்கும் வாக்குவாதத்தில் பாதிக்கு மேல் நேரத்தைப் பற்றியது என்பதே என் கருத்து.

விமானிகளின் சம்பளம் பெரும்பாலும் பறக்கும் மணி நேரத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும்போது கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும்போது அதுவும் நின்றுவிடும். அதற்கு முன்னால் வானிலை பார்ப்பது, எரிபொருள் கணக்கு, விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பது, தாமதத்தில் முனையத்தில் உட்கார்ந்திருப்பது எதுவும் பல ஒப்பந்தங்களில் அந்தக் கடிகாரத்துக்குள் வராது. பாதுகாப்பு விதிகளின்படி ஒரு விமானி ஆண்டுக்கு அதிகபட்சம் 1,000 மணி நேரம் அளவில்தான் பறக்கலாம். "மாதம் எண்பது மணி நேர வேலைதானே" என்று வெளியில் சொல்பவர்கள், அந்த எண்பது மணி நேரத்துக்காக மாதத்தில் பாதி நாள் வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டியிருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதனால்தான் 'குறைந்தபட்ச உத்தரவாத மணி நேரம்' என்ற ஒரு வரி பல ஒப்பந்தங்களில் உயிர்நாடியாகிறது. நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் இத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்பதே அதன் பொருள். அந்த எண் குறைந்தால், மணிக்கான கட்டணம் மாறாமலே வருமானம் சரிந்துவிடும். 2024-இல் ஏர் இந்தியாவுடன் இணைவதற்கு முன்பு விஸ்தாரா நிறுவனத்தில் நடந்தது இதுதான். உத்தரவாத நேரத்தை 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைக்கும் புதிய ஊதிய முறையை நிர்வாகம் முன்வைத்தது. மார்ச் இறுதியில் பல விமானிகள் உடல்நலக் குறைவு என்று விடுப்பு எடுத்தார்கள். விமானங்கள் வரிசையாக ரத்தாயின. ஏப்ரலில் நாளொன்றுக்கு 25 முதல் 30 விமானங்களை நிறுவனமே குறைத்துக்கொண்டது.

அடுத்தது பணிப்பட்டியல். எத்தனை நாள் முன்னால் ரோஸ்டர் வெளியாக வேண்டும்? வெளியான பிறகு நிர்வாகம் அதை மாற்றலாமா, மாற்றினால் கூடுதல் பணம் உண்டா? ஸ்டாண்ட்பையில், அதாவது அழைத்தால் வரத் தயாராக, இருப்பவரை எத்தனை மணி நேர அவகாசத்தில் அழைக்கலாம்? கடைசிப் பயணம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவரைத் திருப்பி இன்னொரு விமானத்தில் ஏற்றலாமா? சம்பளம் ஒத்துப்போன பிறகும் பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுப்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளால்தான். நிர்வாகத்துக்கு இவை வெறும் வேலை நேர ஏற்பாடு. விமானிக்குப் பிள்ளையின் பிறந்த நாளில் வீட்டில் இருப்போமா என்பது.

மூன்றாவது, வெளியாட்களுக்கு எளிதில் புலப்படாதது: இந்த நிறுவனத்தின் பெயரில் பறக்கும் விமானங்களை யார் ஓட்டலாம் என்ற வரையறை. இந்த வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், நிர்வாகம் குறைந்த சம்பளத்தில் ஒரு துணை நிறுவனம் தொடங்கி வழித்தடங்களை மெல்ல அங்கே நகர்த்திவிடலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் போராட்டத்தில் முக்கியமான கேள்வியே, புதிதாக வந்த சிறிய ஜெட் விமானங்களை யார் ஓட்டுவது என்பதுதான். வேலைநிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களில் அதிபர் கிளிண்டன் தலையிட்டு நிறுத்தினார். கால் நூற்றாண்டு கழித்து, 2022 ஜூலையில், ஸ்காண்டிநேவியாவின் எஸ்.ஏ.எஸ். நிறுவனத்தில் அதே கேள்வி திரும்பி வந்தது. கொரோனா காலத்தில் வேலையிழந்த விமானிகளை மீண்டும் அழைக்காமல், புதிய துணை நிறுவனங்கள் வழியாக வேறு நிபந்தனைகளில் ஆள் எடுக்கிறார்கள் என்பது விமானிகளின் குற்றச்சாட்டு. 15 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அது தொடங்கிய மறுநாளே நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு, அதாவது கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு, கோரியது. 450 விமானிகளை மீண்டும் அமர்த்துவது என்ற உடன்பாட்டில் வேலைநிறுத்தம் முடிந்தது.

காலம் யார் பக்கம்?

ஒப்பந்தத்தின் காலம் முடிந்துவிட்டால் வேலைநிறுத்தம் செய்யலாம் என்றுதான் நாம் நினைப்போம். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே விமானத் துறை, ரயில் துறைக்காக 1926-இல் இயற்றிய சட்டத்தின் கீழ் 1936 முதல் வருகிறது. நாட்டின் போக்குவரத்து நின்றுவிடக் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் அக்கறை. அதன்படி ஒப்பந்தம் காலாவதியாவதே இல்லை. 'திருத்தலாம்' என்ற நிலையை ஒரு குறிப்பிட்ட நாளில் அடையும், அவ்வளவுதான். புதியது கையெழுத்தாகும் வரை பழையதே நடப்பில் இருக்கும்.

இரு தரப்பும் பேசி முடிக்க முடியாவிட்டால் தேசிய மத்தியஸ்த வாரியம் உள்ளே வரும். மத்தியஸ்தம் எத்தனை நாள் நீடிக்கலாம் என்பதற்கு வரம்பு கிடையாது. இனிப் பயனில்லை என்று வாரியம் கருதி விடுவித்தால் 30 நாள் பொறுமைக் காலம் தொடங்கும். அது முடிந்தால்தான் வேலைநிறுத்தம் செய்யும் உரிமை பிறக்கும். அப்போதும் அதிபர் ஒரு அவசரக் குழு அமைத்துத் தள்ளிப்போடலாம், நாடாளுமன்றமும் தலையிடலாம்.

இந்தப் படிகளைக் கடந்து வேலைநிறுத்தம் வரை போவது அரிது. 2010 ஜூனில் ஸ்பிரிட் நிறுவன விமானிகள் ஐந்து நாள் வேலையை நிறுத்தினார்கள். அதன் பிறகு அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனம் எதிலும் விமானிகள் வேலைநிறுத்தம் செய்யவில்லை.

வேலைநிறுத்தம் இல்லை என்றால் அமைதி என்று பொருள் கொண்டுவிடக் கூடாது. பேச்சு இழுபடும் ஒவ்வொரு மாதமும் நிறுவனம் பழைய சம்பளத்தையே கொடுக்கிறது. விலைவாசி ஏறுகிறது, சம்பளம் நிற்கிறது. சவுத்வெஸ்ட் நிறுவன விமானிகளின் ஒப்பந்தம் 2020-இல் திருத்தத்துக்கு வந்தது, புதியது உறுதியானது 2024 ஜனவரியில். நிலுவைத் தொகை எவ்வளவு, அது எந்தத் தேதியிலிருந்து என்று தனியாக ஒரு சண்டை கிளம்புவது இதனால்தான். தாமதமே நிர்வாகத்தின் பேரம் பேசும் கருவி என்று விமானிகள் நம்புகிறார்கள். எல்லா நேரமும் அது உண்மை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவசரப்பட நிர்வாகத்துக்குக் காரணம் குறைவு என்பது மறுக்க முடியாதது.

மற்ற நாடுகளில் கடிகாரம் வேறு. பிரிட்டனில் வாக்கெடுப்பு நடத்தி, முன்னறிவிப்புக் கொடுத்து வேலைநிறுத்தம் செய்யலாம். 2019 செப்டம்பர் 9, 10 தேதிகளில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானிகள் அப்படிச் செய்தபோது சுமார் 1,700 விமானங்கள் ரத்தாயின. கனடாவில் சமரசப் பேச்சும் பொறுமைக் காலமும் முடிந்துவிட்டால் 72 மணி நேர அறிவிப்பு போதும். ஏர் கனடா விமானிகள் 2014-இல் போட்ட நீண்ட கால ஒப்பந்தத்தில் கட்டுண்டு, அமெரிக்க விமானிகளின் சம்பளம் மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2024 செப்டம்பரில் அந்த அறிவிப்பு வரவிருந்த நேரத்தில் உடன்பாடு வந்தது: நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 42 சதவீத உயர்வு.

கெடு நெருங்கினால் பேச்சு வேகமாகிறது. கெடு இல்லாத இடத்தில் அழுத்தம் வேறு வழிகளில் வெளியே வருகிறது.

அழுத்தம் எப்படி வெளிப்படுகிறது?

விமான நிலைய வாசலில் சீருடை அணிந்த விமானிகள் பதாகைகளோடு அமைதியாக நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது வேலைநிறுத்தம் அல்ல, பணி இல்லாத நாளில் வந்து நிற்கும் அறிவிப்புப் போராட்டம். அடுத்து வேலைநிறுத்த ஒப்புதல் வாக்கெடுப்பு. 2022, 2023 ஆண்டுகளில் டெல்டா, அமெரிக்கன், சவுத்வெஸ்ட் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் 99 சதவீதம் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். இதைப் படித்துவிட்டு அடுத்த வாரம் விமானம் பறக்காது என்று யாரும் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். தேவைப்பட்டால் அழைப்பு விடுக்கச் சங்கத் தலைமைக்கு உறுப்பினர்கள் கொடுக்கும் அதிகாரம் மட்டுமே அது. நாங்கள் பிளவுபடவில்லை என்று நிர்வாகத்துக்குக் காட்டுவதே நோக்கம்.

அதற்கு மேல் போனால் சட்டத்தின் விளிம்பு வந்துவிடும். விமானப் போக்குவரத்து, விமானிகள் விருப்பப்பட்டுச் செய்யும் கூடுதல் பணியை நம்பி ஓடுவது. அதை எல்லோரும் ஒரே நேரத்தில் மறுத்தால் கால அட்டவணை சிதறிவிடும். 2000 கோடையில் யுனைடெட் நிறுவனத்தில் அதுதான் நடந்தது. பயணிகள் அந்தக் கோடையை நீண்ட நாள் மறக்கவில்லை. தனி ஒருவர் மறுப்பது அவர் உரிமை. திட்டமிட்டுச் சேர்ந்து மறுப்பது அமெரிக்கச் சட்டத்தில் வேலைநிறுத்தத்துக்குச் சமம், நீதிமன்றம் தடுக்கலாம். 1999 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் கூட்டமாக உடல்நல விடுப்பு எடுத்தபோது ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. நீதிமன்ற உத்தரவை மீறியதற்காகச் சங்கத்துக்கு விதித்த அபராதம் 4 கோடியே 55 லட்சம் டாலர்.

விமானிகள் எல்லாவற்றையும் இழந்த கதையும் உண்டு. 1989-இல் ஆஸ்திரேலிய உள்நாட்டு விமானிகள் 29.47 சதவீத உயர்வு கேட்டு, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே பறப்போம் என்று அறிவித்தார்கள். அரசு, விமான நிறுவனங்களின் பக்கம் உறுதியாக நின்றது. வழக்குகளிலிருந்து தப்பிக்க விமானிகள் கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். விமானப் படை விமானங்களிலும் வெளிநாட்டு விமானங்களிலும் பயணிகளை ஏற்றிச் செல்ல அரசு ஏற்பாடு செய்தது. நிறுவனங்கள் புதிய நிபந்தனைகளில் புதிய ஆட்களைச் சேர்த்தன. பழையவர்களில் பலர் அந்த நிறுவனங்களுக்குத் திரும்பவே இல்லை.

பழைய காயங்கள்

பேச்சுவார்த்தை அறையில் உட்காருபவர்களுக்கு ஞாபக சக்தி அதிகம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவால் நீதிமன்றத்துக்குப் போயின. திவால் சட்டத்தின் கீழ், கூட்டு ஒப்பந்தத்தையே ரத்து செய்ய நிறுவனம் நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம். அந்த மிரட்டல் மேசையில் இருக்கும்போது நடப்பதைப் பேச்சுவார்த்தை என்று சொல்வது கடினம். டெல்டா விமானிகள் 2004-இல் 32.5 சதவீத ஊதியக் குறைப்பை ஏற்றார்கள், அப்படியும் அடுத்த ஆண்டு நிறுவனம் திவாலுக்குப் போயிற்று. யுனைடெட் ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டங்கள் 2005-இல் அரசின் காப்பீட்டு அமைப்பிடம் தள்ளிவிடப்பட்டன. பல விமானிகளுக்கு வாக்களித்த ஓய்வூதியத்தில் பெரும் பகுதி போயிற்று.

பணத்தை விட ஆழமாகத் தைத்தது 2003-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் நடந்தது. திவாலைத் தவிர்க்கச் சங்கங்கள் ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டாலர் விட்டுக்கொடுக்க வாக்களித்த வேளையில், மேல்மட்ட நிர்வாகிகளுக்குத் தங்கிப் பணிபுரிவதற்கான போனஸும் அவர்களின் ஓய்வூதியத்துக்குத் தனிப் பாதுகாப்பும் ஏற்பாடாகியிருந்தது வெளியே வந்தது. தலைமை நிர்வாகி டான் கார்ட்டி பதவி விலக நேர்ந்தது. அடுத்த பல ஆண்டுகள் அந்த நிறுவனத்தில் எந்த எண்ணை நிர்வாகம் சொன்னாலும் விமானிகள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. விமானத் தொழிலில் லாப விகிதம் குறைவு. எரிபொருள் விலை ஏறினாலும், நோய்த்தொற்று பரவினாலும், போர் வந்தாலும் வருமானம் மாதக் கணக்கில் சரியும். ஆனால் ஒப்பந்தம் நான்கைந்து ஆண்டுகளுக்குச் செலவைக் கட்டிப்போட்டுவிடும். ஒரு நிறுவனம் கொடுத்தது அடுத்த நிறுவனத்துக்கு அளவுகோலாகிவிடும். 2023-இல் டெல்டா நான்கு ஆண்டுகளில் 34 சதவீதம் கொடுத்தபோது, தன் விமானிகளின் சம்பள விகிதம் அமெரிக்கன், யுனைடெட் நிறுவனங்களின் உச்ச விகிதத்தை விட குறைந்தது 1 சதவீதமாவது கூடுதலாக இருக்கும் என்றும் எழுதிக் கொடுத்தது. மற்ற இரண்டு நிறுவனங்களின் நிதி அதிகாரிகளும் அதே ஆண்டு தங்கள் கணக்கைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

இரு தரப்பு என்று பேசுகிறோம், ஆனால் விமானிகளே ஒரு தரப்பு அல்ல. ஓய்வை நெருங்கியவருக்கு ஓய்வூதியம் பெரிது, இளையவருக்கு ரோஸ்டர் பெரிது. தலைவர்கள் கைகுலுக்கி வந்த உடன்பாட்டை உறுப்பினர்கள் தூக்கியெறிவதும் உண்டு: 2022 நவம்பரில் யுனைடெட் விமானிகளில் சுமார் 94 சதவீதம் பேர் தங்கள் சங்கமே பேசிக் கொண்டுவந்த உடன்பாட்டை நிராகரித்தார்கள். நிறுவனங்கள் இணையும்போது இது இன்னும் மோசமாகும். இரண்டு பணிமூப்புப் பட்டியல்களை ஒன்றாக்கினால் யாராவது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். யு.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005-இல் இணைந்தபோது இரு பக்க விமானிகளும் பட்டியலை ஒப்புக்கொள்ளாமல் ஏறக்குறைய பத்தாண்டு வழக்காடினார்கள். ஏர் இந்தியாவிலும், இந்தியன் ஏர்லைன்ஸுடனான 2007 இணைப்பின் பின்விளைவாக, புதிய போயிங் 787 விமானத்துக்கான பயிற்சி யாருக்கு என்ற கேள்வியில் 2012-இல் 58 நாள் வேலைநிறுத்தம் நடந்தது.

களைப்பு என்னும் சொல்

இந்தச் சண்டையில் பயணிகளாகிய நம்மை நேரடியாகத் தொடுவது ஒன்று உண்டு. உடம்பு சரியில்லாத, தூக்கம் கெட்ட விமானி "இன்று என்னால் பறக்க முடியாது" என்று சொல்லியாக வேண்டும். அது அவருடைய சட்டக் கடமை. பேச்சுவார்த்தை கசந்திருக்கும் காலத்தில் அந்தச் சொல் இரு பக்கமும் பழுதாகிறது. விமானிகள் அதைப் போராட்ட ஆயுதமாக்கினால், உண்மையாகவே களைத்தவரையும் நிர்வாகம் சந்தேகிக்கும். நிர்வாகம் ஒவ்வொரு விடுப்புக்கும் விளக்கக் கடிதம் கேட்டால், களைத்தவர் வாய் திறக்காமல் விமானத்தில் ஏறிவிடுவார். இதில் இரண்டாவதுதான் எனக்கு அதிக அச்சம் தருவது.

2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். கேப்டன் எச்சரிக்கைக் கருவிக்குத் தவறாக எதிர்வினை ஆற்றியதே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. கூடவே இரு விமானிகளின் களைப்பையும் சுட்டிக்காட்டியது. துணை விமானி முந்தைய இரவு நாட்டின் மறுகோடியிலிருந்து விமானம் பிடித்து வேலைக்கு வந்தவர். கேப்டன் பணியாளர் அறையில் இரவைக் கழித்தவர். அந்த விபத்துக்குப் பிறகு எழுதிய புதிய ஓய்வு விதிகள் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் இடையூறின்றித் தூங்கும் வாய்ப்பு என்று அவை வரையறுக்கின்றன. களைப்பாக இருப்பவர் பறக்கக் கூடாது என்பதும் அவற்றில் உண்டு.

ஆனால் அந்த விதிகள் பயணிகள் விமானங்களுக்கு மட்டும்தான் கட்டாயம். செலவைக் காரணம் காட்டிச் சரக்கு விமானங்களை விலக்கி வைத்தார்கள். இரவெல்லாம் பொதிகளைச் சுமந்து பறக்கும் அந்த விமானிகள் பழைய விதிகளின் கீழேதான் இருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு மணி நேரத் தூக்கம் வேண்டுமென்றாலும், அவர்கள் அதை ஒப்பந்த மேசையில்தான் கேட்டு வாங்க வேண்டும்.